நாலாவது வரிசைச் சிரிப்பு

மேடையில், தொழிலாளி வேடம் போட்டவன் கழிவுத் தொட்டிக்குள் மூச்சுத் திணறிக் கையை மேலே தூக்கினான். அப்படியே சரிந்தான்.

அரங்கமே விசும்பியது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹேமந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடகத்தை எழுதி இயக்கியவன் அவன்தான். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் ஒத்திகை. வேலூர் கலைவிழாவில் இதுதான் அவர்கள் குழுவுக்கு முதல் மேடை.

எட்டிப் பார்த்தான். நாலாவது வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்ட பிறகும் அவள் தோள் குலுங்கியது.

"கம்முனு இரும்மா! ஒருத்தன் சாவறான், சிரிக்கிறியே!" பக்கத்து நாற்காலிக்காரர் அதட்டினார்.

"பேஜார் புடிச்ச ஜென்மம்" என்றது இன்னொரு குரல்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் சம்பத்தும் திரும்பிப் பார்த்தார். பெரிய தோல் கம்பெனி முதலாளி. அவர் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

நாடகம் முடிந்ததும் சம்பத் மேடையேறி ஹேமந்தைக் கட்டிக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்தபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"இந்தப் பசங்க என்னை அழ வெச்சிட்டாங்க. தொழிலாளி உயிருன்னா அது நம்ம வீட்டு உயிருங்க. இந்த நாடகத்தைச் சென்னையில போட நானே ஏற்பாடு பண்றேன்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஹேமந்தின் குழு துள்ளிக் குதித்தது. அவனுக்கு மட்டும் கண்ணெல்லாம் நாலாவது வரிசையில்தான். அந்தப் பெண் எழுந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

விடுவிடுவென்று இறங்கி ஓடினான். வாசல்படியில் வழிமறித்தான்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா."

அவள் நின்றாள்.

"நாடகம் புடிக்கலைன்னா எழுந்து போயிருக்கலாம். சாவு சீன்ல சிரிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"தப்புதான் தம்பி. அடக்கிப் பாத்தேன், முடியல."

"இதே மாதிரி நெஜமாவே எத்தனை பேர் செத்திருக்காங்க தெரியுமா?"

"தெரியும். தொட்டியில செத்தவங்க கதைன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சி. பாத்தே ஆவணும்னு ஆம்பூர்லேருந்து பஸ் புடிச்சி வந்தேன்."

"வந்து? சிரிச்சிட்டுப் போறீங்க!"

"உன் நாடகத்தப் பாத்துச் சிரிக்கல தம்பி. கடைசியில அந்தப் புள்ள கைய மட்டும் தூக்குனான் பாரு... எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சி. சத்தியமா சொல்றேன், அழத்தான் வாயத் தொறந்தேன்."

ஹேமந்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் இன்னாத்துக்குச் சிரிச்சீங்க?"

"முன்னாடி உக்காந்திருந்தாரே, அந்தப் பெரிய மனுஷன். அவரு தேம்பித் தேம்பி அழுதாரா, அதப் பாத்துட்டேன்."

அவன் அதிர்ந்துபோனான். கோபத்தில் குரல் உயர்ந்தது.

"ஊருக்கே சோறு போடற முதலாளி அவரு! தொழிலாளிக்காக ஒரு மனுஷன் கண்ணு கலங்கறது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? வாங்க, மேடைக்கு வந்து அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க!"

சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார் ஒருவர்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்தாள். அங்கே நடிகர்களைத் தோளோடு அணைத்தபடி சம்பத் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"என் பேரு கமலம், தம்பி" என்றாள் மெதுவாக. "போன மாசியில என் ஊட்டுக்காரரை அந்தப் பெரிய மனுஷன் கம்பெனி தொட்டியிலேருந்து தூக்கியாந்து தரையில போட்டாங்க. நான் மார்ல அடிச்சிக்கினு அழறேன். அவரும் பக்கத்துலதான் நின்னுனு இருந்தாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மேனேஜரைக் கூப்பிட்டு, 'இவன் நம்ம ஆளே கிடையாது, செவுரேறித் திருட வந்தவன்னு எழுதிடு'ன்னாரு."