ஒன்பதாவது குழி

பூங்காவில் மரக்கன்று நடுவதற்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்த சகாயமேரியின் கடப்பாரை எதிலோ பட்டு ணங்கென்றது. மண்ணை விலக்கிப் பார்த்தாள். சொம்பு அளவில் ஓர் இரும்புக் குவளை, வாய் மேல்நோக்கி, மேல்மண்ணிலேயே புதைந்திருந்தது.

நடைப்பயிற்சியிலிருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் எட்வின் சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். துரைமார்களும், அவர்களுக்குப் பின் எஸ்டேட் முதலாளிகளும் கோல்ஃப் ஆடிய புல்வெளிதான் இந்தப் பூங்கா. பழைய வரைபடத்தோடு நான்கு வருடம் தேடியும் அதன் ஒரு குழிகூட அவருக்கு அகப்படவில்லை.

“வரைபடத்துல இருக்கிற ஒன்பதாவது குழிம்மா! பந்து விழுற குழி!”

“பந்தா? எங்கம்மா இங்கதான் சார் புல்லு வெட்டுச்சு. உருண்டு வந்த பந்தைக் கையில எடுத்துப் பாத்ததுக்கு வேலைய விட்டே துரத்திட்டாங்க.”

எட்வின் சுற்றுமுற்றும் பார்த்தார். அருகே விளையாடிய பிள்ளைகளிடம் டென்னிஸ் பந்தை வாங்கிவந்து பத்தடி தள்ளி வைத்தார். தன் கைத்தடியை அவளிடம் நீட்டினார்.

சகாயமேரி குவளைக்குள் இருந்த மண்ணை அள்ளி வெளியே போட்டு, சுற்றிலும் காலால் மிதித்துச் சமன்படுத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. முதல் அடி காற்றில் போனது. இரண்டாவதில் பந்து குழியைத் தாண்டி ஓடியது.

“மெதுவாக்கா, மெதுவா!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

மூன்றாவதில் பந்து விளிம்பில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. பூங்காவே கூவியது. அவள் செல்போனை எடுத்தாள்.

“யம்மா, அடுப்ப அணைச்சுட்டு உடனே பஸ் ஏறு. நீயும் ஒண்ணு அடிக்கணும்!”