அஸ்திவாரத்துக்கு முந்தி

"எவனோ ஒருத்தன் என் நாலு நாளைத் திருடிட்டான்!"

காண்டிராக்டர் மேஜையைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ் ஒரு குதி குதித்தது.

எந்த நாளில் எந்த வேலை என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் படம் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாடிக் கட்டடம் திரையில் தானாக எழும்பும். பதினோரு மணிக்கு ஓனர் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அஸ்திவாரத்தையே காணோம். முதல் நாலு நாளும் மனையின் மூலையில் சின்னதாய் ஓர் அறை மட்டும் முளைத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"லேடீஸ் டாய்லெட் சார். சைட்ல வேலை செய்யற பொம்பளைங்களுக்கு," என்றாள் படம் போடும் பெண்.

"அதெல்லாம் கடைசில பார்த்துக்கலாம். தூக்கு அதை."

தூக்கினாள். திரை முழுக்கச் சிவப்பு. கட்டடம் எழும்பவே மாட்டேன் என்றது.

"இது முடிஞ்சாத்தான் அஸ்திவாரம்னு யாரோ கோத்து வெச்சிருக்காங்க சார். மத்த வேலை எல்லாம் இதைப் பிடிச்சுத்தான் தொங்குது. அவுக்க ஒரு நாள் ஆகும்."

"கொத்தனார் கரண்டி பிடிச்சு மேல வந்தவன் நான், என்கிட்டயேவா! இதோ உக்காந்திருக்காளே என் வீட்டுக்காரி, எனக்குச் சித்தாளா இருந்தவதான். விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. அது வேலை!"

எதிர் நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"ஏன் குடிக்கலைன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? குடிச்சா எங்க போறதாம்?"

காண்டிராக்டர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். அவள் தண்ணி குடிக்காததை இருபது வருஷமாக ஊரெல்லாம் பெருமையடித்தவர் அவர்.

"செஞ்சது யாருன்னு கம்ப்யூட்டரே சொல்லுமாமே? பாரும்மா," என்றார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"உங்க பேருதான் சார் காட்டுது. உங்க பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க."

அந்த பாஸ்வேர்டு அவருடைய கல்யாணத் தேதி. ஒரு தடவைகூட அவருக்கு ஞாபகம் வந்ததில்லை. மனைவிதான் டைப் அடித்துக் கொடுப்பாள்.

அவள் நிதானமாக ஒரு சுளையைப் பிய்த்தாள்.

காண்டிராக்டர் பிடரியைச் சொறிந்தார். திரையைப் பார்த்தார்.

"அதைப் பழையபடி வை. சைட்ல எத்தனை பொம்பளைங்க?"

"நாப்பது பேர் சார்."

உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் கத்தினார்.

"நாப்பது பேருக்கு ஒண்ணா? என்ன வேலை இது, அரைகுறை வேலை! நாள் கூடினா கூடட்டும், ஓனர்கிட்ட பேரம் பேசறது என் பாடு. செஞ்சது யாரா இருந்தாலும் சரி, அவர் வர்றதுக்குள்ள அதை மூணா மாத்தி ஒழுங்கா சரி பண்ணிட்டுத்தான் மிச்ச ஆரஞ்சைத் திங்கணும்!"