சுடர்விழி வைத்த ஸ்டேட்டஸ்

காலையில் போனைத் திறந்ததும் கண்ணையனுக்குப் பகீரென்றது.

மகள் சுடர்விழி எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவள். விக்டோரியா ராணி காலத்து நாவலாசிரியர் ஒருவரின் குறும்பான வரிகளைத் தமிழாக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது அவள் வழக்கம். அன்று போட்டிருந்தது இது:

'ஊரெல்லாம் இனிக்க இனிக்கப் பேசுகிறவருக்கு, கசப்பைக் கொட்ட ஒரு வீடு வேண்டியிருக்கிறது.'

வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா செல்வாம்பாள் இனிக்கப் பேசுவதில் கருவடிக்குப்பத்திலேயே பேர் போனவர். தன்னைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று அந்தம்மா நினைத்துவிட்டால்? நாயாய் அலைந்து அமைந்த வரன் இது.

"பொண்ண வளத்திருக்கற லட்சணத்தப் பாரு. உனக்குக் கண்ணு இன்னா, பொடனியிலயா இருக்குது?" என்று மனைவி கமலா மேல் பாய்ந்தார்.

கமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டார். காலேஜில் வகுப்பு போலிருக்கிறது, ஸ்விட்ச் ஆஃப். அதற்கும் கமலாவுக்குத்தான் திட்டு. காபி ஆறிப்போனதற்குத் தனியாக ஒன்று.

கண்ணையனுக்கு நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. எத்தனை புடவையைக் கலைத்துப் போட்டாலும் முகம் சுளிக்காத மனுஷன் என்று நல்ல பெயர். அன்று புடவையை விரிக்கும்போதெல்லாம் கண் போன் பக்கமே போனது.

மத்தியானம் செல்வாம்பாளே கூப்பிட்டார்.

"சம்பந்திம்மா, சின்னப் பொண்ணு, தெரியாம எதையோ போட்டுட்டா. மனசுல வெச்சுக்காதீங்க," என்று குழைந்தார் கண்ணையன்.

"இதுல இன்னா இருக்குது? அப்படியே எங்க நாத்தனாரப் பாத்து எழுதின மாதிரி இருக்குது. அவங்களுக்கே அனுப்பிட்டேன்," என்று சிரித்தார் செல்வாம்பாள்.

போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் மூலக்குளத்து வீட்டுக்குள் நுழையும்போதே கண்ணையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன்னைப் பற்றியது என்று அந்தம்மாவுக்கு உறைக்கவே இல்லை என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மனுஷங்களுக்கு இப்படியும் கண் மறைக்குமா என்று ஆச்சரியப்பட்டார். நடுவில் சூடாகக் காபி வரவில்லை என்று அடுப்படியைப் பார்த்து ஒரு அதட்டல்.

"நல்லவேளை தப்பிச்ச. இனிமே அவங்களப் பத்திப் போடாத," என்றார்.

சுடர்விழி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அவங்களப் பத்திப் போடலப்பா. நேத்து அந்த வரிய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். உங்கப்பா பாக்கற மாதிரி போடுடின்னு அம்மாதான் சொன்னாங்க."