பவுனு தின்ற கொய்யா

உள்ளங்கையை வைத்தால் போதும், ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு என்று கட்டட வாசல் சொல்லிவிடும். சித்தாள் பவுனுவுக்கு இந்த மாதமும் மஞ்சள் விளக்குதான். டீக்கடை போண்டாவில் ஓடுகிற உடம்பு. சிவப்பு எரிந்தால் வாசல் திறக்காது, வேலையும் கிடையாது. கொழுப்பு இறங்கத்தான் மதியம் ஆளுக்கொரு கொய்யா கொடுக்கிறார்கள்.

"எனக்கு எறங்கிடுச்சு. ஒனக்கு மட்டும் ஏண்டி எறங்கல?" என்றாள் கூட வேலை செய்யும் ராக்கம்மா.

பவுனு முந்தானை முடிச்சை மறைத்தாள். ராக்கம்மா பிடித்து அவிழ்த்தாள். உள்ளே கொய்யா.

"யாழினிக்குக்கா. புள்ள வழி பாத்துக்கிட்டு இருக்கும்."

"வாசல் ஒம் புள்ள ரத்தத்தையா பாக்குது? நாளைக்கு ஒன்னைய வெளிய தள்ளுனா அவ எதத் தின்னுவா? கடி. நான் இங்கயேதான் நிப்பேன்."

சாயங்காலம் யாழினி கை நீட்டினாள். "கொய்யா எங்கம்மா?"

"நான் தின்னுட்டேன்." சொல்வதற்கே பவுனுவுக்குக் கூச்சமாக இருந்தது.

"பொய். பல்லக் காட்டு."

காட்டினாள். இடுக்கில் விதை இருந்தது. யாழினி சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு தினமும் பல்லில் கொய்யா விதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அம்மாவை வீட்டுக்குள் விட்டாள். மறுமாதம் வாசலில் பச்சை எரிந்தது. பவுனு சிமெண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.