வெறுங்கல்

கூரை ஓட்டை வழியே விழும் சாயங்கால வெயில் திரிகைக்கல்லின் மேல் காசளவுக்குக் கிடக்கிறது. குடியானவன் மாது காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பிடியை இறுகப் பற்றிச் சுற்றுகிறான். கடத்தூர்ப் பக்கத்தில் ஆம்பளை திரிகையைத் தொட்டால் ஊரே சிரிக்கும். மழை பொய்த்து இரண்டு வருடம், யுத்தத்தில் விலையும் ஏறிவிட்டது. இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கே கூழ் போதவில்லை என்று, வயிற்றில் இருந்த நான்காவதைக் கலைக்க முந்தாநாள் மருத்துவச்சியைக் கூட்டிவந்தவன் அவன்தான். மனைவி தீர்த்தம்மாள் பாயில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிறாள். பிள்ளைகள் ஏரிப் பக்கம் போயிருக்கிறார்கள். கல்லும் கல்லும் உரசிக் கரகரவென்று அலறுகின்றன. அந்தச் சத்தத்துக்குள் அவன் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறான். கல்லைச் சுற்றி மாவு விழவில்லை, கருகல் வாசனைதான் வருகிறது. “ஏங்க, வெறுங்கல்லப் போட்டுச் சுத்தறீங்க,” என்கிறாள் தீர்த்தம்மாள், திரும்பாமலே. “நாலு வூட்டுக்குக் கேக்குது. கல்லும் தேஞ்சிரும். ஒரு பிடி கேவுரு போட்டுக்குங்க.” முறத்தில் கொஞ்சமாய்க் கிடக்கும் கேழ்வரகில் ஒரு பிடி அள்ளிக் கல்லின் குழியில் போட்டுச் சுற்றுகிறான். தானியம் அரைபட அரைபட அலறல் அடங்குகிறது. அவன் அழுகை மட்டும் வீடு முழுக்கக் கேட்கிறது. தீர்த்தம்மாள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்புகிறாள்.