எக்ஸ்ரே பிலிமில் மூன்று இலை

உத்திரமேரூரில் என் வீட்டு முன்ரூம்தான் ஸ்டூடியோ. பழைய எக்ஸ்ரே பிலிமில் டிசைன் வெட்டி, சுவரில் வைத்து மேலே பெயிண்ட் தேய்ப்பேன். வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத் தங்கள் வீட்டுக்குச் சொல்லுவார்கள்.

போன தையில், இருமலுக்கு எடுத்த என் பொண்டாட்டி பரிமளாவின் நெஞ்சுப் படத்தில் மூன்று இலை வெட்டினேன். அப்புறம் அவளுக்கு மூச்சு வாங்கியது. காஞ்சிபுரத்தில் மறுபடி படம் எடுத்தார்கள். அதில் அதே இடத்தில் மூன்று இலை. என் பிளேடு வழுக்கிய பிசிறுகூட இருந்தது.

"மிஷின் கோளாறு பெரியவரே, இந்த பிலிம் வேஸ்ட்டு" என்றார் டாக்டர். டாக்டர் பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பரிமளாவிடம் அதையே சொன்னேன்.

வெட்டிப்போட்ட துண்டுகளைத் திரும்ப ஒட்டலாமென்று குப்பைமேட்டைக் கிளறினேன். ஒன்றுதான் கிடைத்தது. வீட்டுக்குள் வந்தால் பரிமளா மடியில் புதுப் படம், கையில் என் பிளேடு.

"இன்னாய்யா அப்படிப் பாக்குற? வேஸ்ட்டு பிலிம்தானே. கூரத்துக்காரரு அவரு வூட்டு செவுத்துக்கு மயிலு கேட்டாரே, நீ எங்க வெட்டப்போற!"

நெஞ்சுக்கூடு முழுக்கத் தோகை விரிந்திருந்தது.

"மயிலுக்குக் கயுத்து மட்டும்தான் பாக்கி" என்றாள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி, பிளேடை மறுபடி வைத்தபடி.