சிவக்கொழுந்தும் மோகினியும்

"பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ," என்றார் பூசாரியார், மந்திரித்த கறுப்பு நூலைக் கையில் எடுத்தபடி.

"நட்சத்திரம் கேட்டை," என்றாள் சிவக்கொழுந்து.

"பேர் ஏரம்பு," என்றாள் அடுத்த வீட்டுச் சின்னாச்சி.

கொடிகாமத்திலிருந்து பூசாரியாரை ஆள் விட்டு அழைப்பித்ததே சிவக்கொழுந்துதான். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் பார்க்கப் போன அவள் கணவன் ஏரம்பு, போன கிழமை திரும்பியிருக்க வேண்டும். நேற்றுத்தான் வந்தான். வழியில், வன்னிக் காட்டுக்குள் மோகினி பிடித்து வைத்திருந்ததாம்!

மீசாலை முழுக்க இதே பேச்சு. சிவக்கொழுந்துக்கோ வயிறு பற்றி எரிந்தது. "அவள் வடிவோ? என்னிலும் நிறமோ?" என்று நேற்றிலிருந்து அவனைத் துளைத்தெடுத்துவிட்டாள்.

சின்னாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பேயுமில்லை பிசாசுமில்லையெண்டு இருட்டுக்குள்ளை தனியப் பனங்கூடலாலை போய் வாறவள் இவள். இப்ப பேயிலை எரிச்சல் படுறாள், பாருங்கோவன்!"

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"நடந்ததைச் சொல்லும் தம்பி," என்றார் பூசாரியார்.

ஏரம்பு தொண்டையைச் செருமிக்கொண்டான். காலையிலிருந்து பத்துப் பேருக்காவது சொல்லிவிட்டான். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியிருந்தது.

"மரத்தடியிலை நிண்டுது, ஐயா. இவளின்ரை சீலை, இவளின்ரை நடை. 'ஏரம்பு, ஏரம்பு' எண்டு அச்சொட்டாய் இவளின்ரை குரலிலையே கூப்பிட்டுது. வேறை பொம்பிளையெண்டால் நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டன். இவளெண்டு நம்பித்தான் பின்னாலை போனன்."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"கேட்டியே பிள்ளை?" என்றாள் சின்னாச்சி. "பேய்கூட உன்ரை வேசம் போட்டால்தான் உன்ரை மனுசனைப் பிடிக்கலாம். நீ குடுத்து வைச்சவளடி."

ஏரம்பு தலையை நிமிர்த்தி, நூல் கட்டக் கையை நீட்டினான். பூசாரியார் முதல் முடிச்சைப் போடக் குனிந்தார்.

"நூலை வையுங்கோ, ஐயா," என்றாள் சிவக்கொழுந்து. கணவனை நேரே பார்த்தாள்.

"கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நான் வாயாலை சொல்லாத பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டவள் ஆர்?"